அண்ணன் காதும் என் வாயும்

எங்கள் அண்ணன் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஆவதற்கு மூளை கொடுத்தவன் நான்தான். இது பொய். நான் கொடுத்தது ரப்பர். அதையும் அவர் காதில்தான் கொடுத்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதுகிறார். தமிழ் நன்றாக இருந்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். விஷயம் மோசமாக இருந்தால் என்னைத் திட்டுங்கள்.

அண்ணன் மூன்று வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். இஞ்சின் சத்தம் பொறுக்காமல் பினாங்கு வரை அழுதாராம். அதே கப்பலில் அம்மா வயிற்றில் இருந்த நான் ஒருதரம்கூடப் புரளவில்லையாம். பிறகு மலாயாவில் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் வளர்ந்தோம். பக்கத்து வீட்டில் அம்மி அரைத்தால் அண்ணனுக்குக் கணக்குத் தப்பிவிடும். பல்லி கத்தினால் புத்தகத்தை மூடிவிடுவார். நானோ ஸ்டோரில் ரப்பர் தகடு போடும் மெஷினுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவேன்.

"மூளை உள்ளவனுக்குத்தான் காது நோகும். சின்னவனுக்கு ரெண்டும் சொகமா இருக்கு" என்பார் அம்மா.

அப்பா போன பிறகு அண்ணன்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டி எங்களைக் காப்பாற்றினார். முழங்கால் வீங்கிய அம்மாவும் கூடவே மேட்டுக்காடு ஏறி வெட்டினார். அப்போது சின்னக் கிராணி வேலை ஒன்று காலியானது. அது கிடைத்தால் அம்மா கத்தியைக் கீழே வைக்கலாம். ஆனால் துரை பரீட்சையை ஸ்டோரில் வைத்தார். மேசைக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான்.

"போச்சுடா. அந்த மெஷின் ஓடுனா எனக்கு என் பேரே மறந்துரும்" என்றார் அண்ணன்.

"நான் பாத்துக்கிறேண்ணே."

நான் பார்த்துக்கொண்ட அழகைக் கேளுங்கள். மரத்தில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை இரண்டு உருண்டையாக்கி அவர் காதில் அடைத்தேன். விழாமல் இருக்கட்டும் என்று சுற்றிலும் பச்சைப் பாலைத் தடவினேன். நன்றாகவே பிடித்துக்கொண்டது.

பரீட்சை நடுவில் மெஷின் பட்டை அறுந்து வெடிபோல் அடித்தது. கூட எழுதிய இரண்டு பேரும் கதவைத் தாண்டி ஓடினார்கள். துரையும் ஓடினார். திரும்பி வந்து பார்த்தால் அண்ணன் தலை நிமிராமல் கணக்கைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

"இந்த ஆள்தான் புத்திசாலி. சத்தத்துக்கு ஓடுறவன் கணக்கு எழுத மாட்டான். உன் பேர் என்ன?" என்றார் துரை. அண்ணன் எழுதிக்கொண்டே இருந்தார்.

நான் ஜன்னல் வழியாகச் சொன்னேன்: "கணக்குல இருக்காருங்க தொரை. முடிச்சிட்டுச் சொல்வாருங்க."

வேலை கிடைத்தது. ரப்பர்தான் வரவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு அதை எடுத்த, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரெசருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. "மரத்துல ஒட்டுப்பால் உரிச்சுப் பாத்திருக்கேன், மனுசன் காதுல இப்பத்தான் பாக்குறேன். இன்னொரு தடவை அடைச்சா காது போயிரும்" என்றார் அவர்.

சத்தம் பாதிக்காத ஆள் என்று நம்பிய துரை, அண்ணன் மேசையை மெஷினை ஒட்டியே போட்டுவிட்டார். முதல் வாரம் முழுக்கப் பால் எடைக் கணக்குத் தப்பு. "நாளைக்கும் தப்புனா திரும்ப வெட்டுக்குத்தான்" என்றார் பெரிய கிராணி. அம்மா கத்தியைத் திருப்பிக் கொடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் பயத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. எனக்கும் அந்த மெஷினில்தான் வேலை. தகடு விட்டுக்கொண்டே அண்ணன் காதருகில் பொழுதுக்கும் உளறினேன். சாயங்காலம் கணக்குச் சரியாக இருந்தது.

"மெஷின் சத்தம் கேக்கலையாண்ணே?"

"நீ பேசுனா அது கேக்கல."

"என் பேச்சு?"

"அதுல கவனிக்க என்னடா இருக்கு?"

சத்தம் ஆகாதவர் அறிவாளியா, சத்தத்துக்கு அசையாதவர் அறிவாளியா என்று எனக்குத் தெரியாது. அம்மா ஒன்று நினைத்தார், துரை ஒன்று நினைத்தார். எனக்குத் தெரிந்தது இதுதான்: அண்ணன் மூளை எந்தச் சத்தம் வந்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிக்கும். என்னை மட்டும் வாசலிலேயே விட்டுவிடும். அதனால் ஐந்து வருஷம் அந்த மேசையில் ஒரு கணக்கும் தப்பவில்லை.

கடைசியில் காய்ச்சலோடு ஈப்போ ஆஸ்பத்திரியில் படுத்தார். கரண்டி விழுந்தாலும் முகம் சுளித்தார். வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கையில் பிடித்து நடந்தார்கள். அத்தனை பேருக்கும் நன்றி. நானும் வாயை மூடி நின்றேன்.

"என்னடா பேசாம நிக்கிற? பேசு" என்றார்.

துரை பங்களாக் குளியலறையில் காட்டுப்பன்றி புகுந்த கதையைத் தொடங்கினேன். பன்றி வாசலை மறித்து நின்றது, துரை ஒரே ஒரு துண்டோடு ஜன்னலில் ஏறினார். அன்று கதை அதற்கு மேல் போகவில்லை. அதற்குப் பிறகு என்ன ஆனதென்றால், அந்தத் துண்டு...

மதினி கூப்பிடுகிறார்கள். இன்று அமாவாசை.

"கொழுந்தனாரே, படையல் போட்டு எவ்ளோ நேரமாச்சு. உங்க அண்ணனுக்குச் சத்தம் ஆகாதுன்னு எல்லாரும் வாய மூடிக்கிட்டு நிக்கிறாங்க. நீங்களாச்சும் வந்து பேசுங்க."

"வாரேன் மதினி. வாத்தியாரே, எழுதுனது போதும். மிச்சக் கதைய அவருகிட்ட சொல்லணும்."