யார் போட்ட கட்டளை

பகுதித் தளபதி அலுவலகத்தில் அவளுக்கு ‘ஓவர் அக்கா’ என்றுதான் பெயர். வயர்லெஸ் கருவி முன் இத்தனை வருஷம் உட்கார்ந்து பழகியதில், வீட்டில் கணவனிடம் காய்கறி வாங்கி வரச் சொன்னாலும் கடைசியில் ‘ஓவர்’ போட்டுவிடுவாள்.

ஆற்றங்கரைக் காவல் முகாமை நோக்கி எதிரிப் படை நகர்ந்த அன்று மதியம், பகுதித் தளபதி பின்வாங்கச் சொன்னார். அக்கா செய்தியை அனுப்பினாள். முகாமின் இளம் லெப்டினென்ட், “கிளம்புறோம்க்கா” என்றான்.

சற்று நேரத்தில் தலைநகரிலிருந்து நாட்டுத் தலைவரின் பாதுகாப்பு ஆலோசகர் ஃபோனில் வந்தார். கரையை விடக்கூடாது என்பதுதான் பாதுகாப்புக் குழுவின் திட்டமாம். ஒருவரும் நகரக்கூடாதாம். தளபதி அப்போது ஹெலிகாப்டரில் இருந்தார்; தொடர்பு கிடைக்கவில்லை. பணியிலிருந்த கேப்டன் விறைத்து நின்று, “சரி சார், சரி சார்” என்றான்.

“தளபதி சொன்னாரா சார்?” என்று அக்கா கேட்டாள்.

“பேசினது யாருன்னு தெரியும்ல? அனுப்புங்க.”

“அவர் யோசனை சொல்றவர். கட்டளை நாட்டுத் தலைவர்கிட்ட இருந்து அமைச்சர், தலைமைத் தளபதி, அப்புறம் நம்ம தளபதின்னு இறங்கி வரணும். குறுக்க வந்தா நான் அனுப்ப மாட்டேன்.”

கேப்டன் மைக்கைப் பிடுங்கித் தானே சொன்னான். முகாமில் மூட்டை கட்டியிருந்தவர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் குண்டு விழுந்து நான்கு பேர் செத்தார்கள். லெப்டினென்டுக்கு ஒரு கால் போயிற்று.

விசாரணை வந்தது. குற்றவாளி யார்? அந்த லெப்டினென்ட்! பின்வாங்கும் கட்டளையை மீறினானாம்.

விசாரணை அதிகாரி அக்காவைத் தனியே அழைத்தார். “ரெண்டாவதா எதுவும் போகல, லைன்ல ஒரே இரைச்சல்னு சொல்லிடும்மா. முடிஞ்சிடும்.”

அக்கா வீட்டுக்கு வந்து தட்டை நங்கென்று வைத்தாள். பஸ் டிரைவரான கணவனுக்கு விஷயத்தைக் கேட்டதும் காது மடல் சிவந்தது. “ஸ்டியரிங்க ரெண்டு பேர் பிடிச்சு இழுப்பானுங்க, வண்டி கவுந்தா அடிபட்டவன் மேல கேஸா? நீ போய் உள்ளதச் சொல்லு. வர்றத பாத்துக்கலாம்.”

மறுநாள் எல்லார் முன்னாலும் உள்ளதைச் சொன்னாள். “ஆலோசகரையும் கூப்பிட்டுக் கேளுங்க சார்” என்றாள்.

“அவர் ராணுவக் கட்டளை வரிசையில் இல்லை. அவரை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை” என்றார் விசாரணை அதிகாரி.

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “கேள்வி கேக்கத்தான் அவர் வரிசையில இல்லையா? கட்டளை போடும்போது மட்டும் எப்படி சார் உள்ள வந்தாரு?”

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தவனின் பேனா நின்றுவிட்டது.

லெப்டினென்ட் மேலிருந்த குற்றச்சாட்டு சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. கேப்டனுக்கு வெறும் எச்சரிக்கை. ஆலோசகர் தொலைக்காட்சியில் தேசத்தின் மன உறுதியைப் பற்றிப் பேசினார். அக்காவைக் கம்பளிக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

விடுமுறை நாட்களில் அவள், செத்துப்போன நால்வரின் வீடுகளுக்கும் பஸ் ஏறிப் போனாள். முதல் வீட்டில் ஒரு தாய், “எம்புள்ளதான் சொன்ன பேச்சக் கேக்காம அங்கேயே நின்னுட்டான்னு சொன்னாங்களேம்மா” என்றாள்.

“பொய்ம்மா. உங்க புள்ளய நிக்கச் சொன்னாங்க” என்றாள் அக்கா. சொன்னவரின் பெயரையும் சொன்னாள்.