கண்ணை மூடிக்கொண்டு போட்ட சண்டை

கல்யாணத்தன்று போதகர் எங்களிடம் ஒரே ஒரு வாக்குதான் வாங்கினார். என்ன ஆனாலும் சாயங்காலக் குடும்ப ஜெபத்தை விடக்கூடாது. நாங்களும் விடவில்லை. ஆனால் அந்த ஜெபத்தை நாங்கள் படுத்திய பாடு தெரிந்திருந்தால், கொடுத்த ஆசீர்வாதத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்ட பிறகு, எங்களுக்குள் நேருக்கு நேர் பேச்சு குறைந்துபோனது. எனக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வேலை. சாயங்காலம் வந்து பார்த்தால் துணியெல்லாம் மடித்து வைத்திருப்பார். அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வரும், ஏனென்று சொல்லத் தெரியாது. மனதில் இருப்பதை முழங்கால் போட்ட பிறகுதான் இருவரும் கொட்டுவோம். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேச முடியாது, அதுதான் வசதி.

“தகப்பனே, இந்த வீட்ல சிலருக்குக் கோபம் ஜாஸ்தியாயிடுச்சு, பொறுமையைத் தாரும்” என்பார் அவர்.

“ஆண்டவரே, சிலருக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பைத் தாரும்” என்பேன் நான்.

பிறகு சேர்ந்து ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவோம்.

அன்று பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தில் இடிபட்டு, கால் கடுக்க நடந்தே செங்கம் ரோட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். முழங்கால் போட்டதும் அவர் ஆரம்பித்தார்.

“துபாய்ல வேலைக்கு வாசலைத் திறந்ததுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. நாளைக்குக் காலைல வரேன்னு சொல்லப்போறேன். ரெண்டு வருஷம் இவளைத் தனியா விட்டுட்டுப் போறேன், நீரே காத்துக்கொள்ளும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆமென் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன். ஜன்னல் பக்கம் போனேன். ரோட்டில் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டே போனது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. திரும்பி வந்தால் மனிதர் அதே இடத்தில், கண்ணை மூடியபடி முழங்காலில் இருந்தார்.

“எனக்குப் போக இஷ்டமில்ல தகப்பனே” என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். “அவ ஆபீஸ் போனப்புறம் ஒத்தையா உக்காந்திருக்க பயமா இருக்கு. அவளுக்குப் பாரமாயிட்டேன்.”

இந்த முறை ‘சிலர்’ என்று சொல்லவில்லை.

“கண்ணத் தொறங்க” என்றேன்.

“ஜெபம் முடியல.”

“அவரு கோச்சிக்க மாட்டாரு. என்னப் பாத்து சொல்லுங்க.”

கண்ணைத் திறந்தார். சிவந்திருந்தது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“போகாதீங்க” என்றேன். “நீங்க இல்லாத வீட்டுக்கு என்னால வர முடியாது.”

“இத நீ ஜெபத்துலகூட சொன்னதில்லையே” என்றார்.

மறுநாள் காலையில் துபாய்க்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். வேறு வேலை இன்னும் அமையவில்லை. சாயங்காலம் பஸ் ஏறும்போதே மாசக் கணக்கைக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்துக்கு நேராகவே சண்டை போட்டுக்கொள்கிறோம். அதனால் ஜெபம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.