கடவுளைக் கேள்வி கேட்டவள்

தையல் ஆலையில் அவளுக்கு வக்கீலம்மா என்று பேர். பதினாறு வருஷமாகக் காலர் தைக்கிறவள். ஊசி ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். ஏழு வயது மகள் காய்ச்சலில் போனபோதுதான் அந்த வாய் அடைத்துப்போனது.

ஒரு வருஷம் கழித்து அது நாடகமாகத் திறந்தது. மேடையில் ஒரு தாய் தனியாக நின்று முக்கால் மணி நேரம் கடவுளைக் கேள்வி கேட்கிறாள். எழுதியதும் நடிப்பதும் அவளேதான். நகர அரங்கில் தேதியும் கிடைத்தது. ஒத்திகையை எட்டிப் பார்த்த யாரோ வெளியே போய்ப் பற்றவைக்க, நாற்பது கையெழுத்தோடு ஆட்சேபக் கடிதம் வந்து சேர்ந்தது.

"அந்தக் கேள்வியையெல்லாம் தூக்கிடுங்கம்மா. இல்லேன்னா தேதி ரத்து," என்றார் அரங்க மேலாளர்.

"தூக்கிட்டா மிச்சம் என்ன சார் இருக்கும்? திரைச்சீலையா?"

பஸ் ஓட்டும் கணவர் பயந்தார். "ஊரைப் பகைச்சுக்கணுமா?"

"பகைக்கலங்க. என்ன தப்புன்னு கேட்டுட்டு வரேன்."

கடிதம் வந்தது சின்ன வயதிலிருந்து அவள் போகிற வழிபாட்டுக் கூடத்திலிருந்துதான்; நேரே அங்கே போனாள். முதல் கையெழுத்துப் போட்ட வெல்டிங் பட்டறைக்காரர் உள்ளே இருந்தார்.

"அண்ணே, எந்த வரி உங்களை நோகடிச்சுது?"

"நாங்க எங்கேம்மா கேட்டோம்? சொன்னாங்க."

"அப்ப இப்பக் கேளுங்க."

விளக்கில்லை, வேஷமில்லை. பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று நடித்தாள். 'என் பிள்ளையை விட்டா உனக்கு வேற ஆளே கெடைக்கலயா?' என்றபோது பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் அவள், கும்பிடும்போது பெண்கள் தலையில் போடும் வழிபாட்டுத் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

பட்டறைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் சம்சாரம் போனப்போ நான் இதைவிட மோசமாத் திட்டியிருக்கேன். கேள்வியில ஒரு சொல்லும் குறைக்காதே. ஆனா அந்தத் துணி... எங்கம்மா சாகற வரைக்கும் அதைத் தலையில போட்டுத்தான் கும்பிட்டா. அதால தரையைத் துடைச்சா வயிறு எரியுதும்மா."

பரபரப்புக்காகத்தானே அதைச் சேர்த்தோம் என்று வக்கீலம்மாவுக்கே தெரியும். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, மகளுக்குத் தைத்த மஞ்சள் கவுனை எடுத்தாள்.

"கேள்வி என்னோடது. துணி அவங்களோடது. இனிமே மேடையில இதுதான்," என்றாள் கணவரிடம்.

பட்டறைக்காரரே அரங்கத்துக்குப் போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கினார்.

நாடகத்தன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. பாதியில் பின்னாலிருந்து ஒரு குரல்: "நிறுத்து!"

இரண்டாவது வரிசையில் பட்டறைக்காரர் எழுந்து திரும்பினார். "உட்காருப்பா! பதில் வருதான்னு எனக்கும் தெரியணும்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. அவள் மஞ்சள் கவுனை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்துக் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆலைப் பெண்கள் விசிலடித்தார்கள். டிரைவர் சட்டையோடு ஓடிவந்திருந்த கணவர் கை சிவக்கத் தட்டினார்.

அந்த வருஷம் பதினோரு ஊர்களில் நடித்தாள். எங்கே போனாலும் முதல் நாளே அங்குள்ள வழிபாட்டுக் கூடத்தில் ஒருமுறை நடித்துக் காட்டிவிடுவாள். நாடகத்தில் ஒரு கேள்விகூடக் குறையவில்லை. ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கூடத்தான் செய்தது.