வேம்புலி மோட்டாரை நிறுத்திய இரண்டு நாள்

எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிடும் வேலை வேம்புலியுடையது. பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகிற சாலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது ஊர். நான்கு தெரு, ஒரு போர்வெல், ஒரு மேல்நிலைத் தொட்டி. காலை நாலரைக்கு எழுந்து போய் மோட்டார் போடுவார். தொட்டி நிரம்பியதும் தெருவுக்கு அரைமணி என்று வால்வைத் திருப்புவார். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் போயிற்று.

அதற்கு முன்னால் பிறர் நிலத்தில் கூலிக்கு இருந்தவர். நிலமெல்லாம் மனைகளானபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டப் போனார். வலது கையில் இரண்டு விரல் அங்கே போயிற்று. மிச்சம் மூன்று விரலால் வால்வு திருப்பிக் காட்டித்தான் பஞ்சாயத்தில் இந்த வேலையை வாங்கினார். எங்களுக்கு எதிர்வீடு. நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

குழாயடியில் பெண்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

"இன்னா பெருசு, எங்க தெருவுக்கு மட்டும் காத்த ஊடுற?"

"காத்துக்குத் தனியா ஒரு கொடம் எடுத்தாந்துக்கோ."

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரண்டு மணி நேரத்தில் தொட்டி நிரம்பியது. கடைசி நாலைந்து வருஷமாக ஐந்து மணி நேரம் ஆனது.

ஒரு கோடையில் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தபோது குழாயில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. அவர் பஞ்சாயத்துத் தலைவரைத் திட்டினார். தலைவர், ஊர் பார்க்க, வேம்புலியைத் திட்டினார். அன்றிலிருந்து வேம்புலி ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்பே மோட்டாரை நிறுத்திவிடுவார். ஊருக்கு 'ரிப்பேர்' என்று சொல்லிவிடுவார். ஓய்வில் போரில் நீர் ஏறி நிற்கும். வருகிறவர்கள் எதிரில் குழாய் நிறையக் கொட்டும். அவர்களும் திருப்தியாகப் போய்விடுவார்கள். பக்கத்து ஊர்களிலும் தண்ணீர் விடுகிறவர்கள் இதைத்தான் செய்தார்கள். தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் தை மாதம் தலைவர், "நாளன்னிக்குத் தண்ணி அளக்க வராங்க" என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மோட்டார் நின்றது. மூன்றாம் நாள் நான்கு பேர் வந்து போருக்குள் நாடாவை இறக்கினார்கள். முப்பத்தெட்டு அடியிலேயே தண்ணீர். இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடியும் வேகம் குறையவில்லை. "நல்ல ஊத்து பெரியவரே" என்று அவர்களில் ஒருவர் முதுகில் தட்டினார். வேம்புலி அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நீட்டிய தாளில் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டார்.

ஏரிக்கு அந்தப் பக்கம் டேட்டா சென்டர் வரப்போகிறது என்ற அறிவிப்பு நான்கு மாதம் கழித்து ஒட்டப்பட்டது. அதைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் வந்தார்.

"அதுல இன்னாம்மா பண்ணுவாங்க?"

நம் போனில் இருப்பதெல்லாம் அங்கே மெஷினில்தான் இருக்கும், மெஷின் சூடாகும், அதைக் குளிர வைக்கத் தண்ணீர் வேண்டும் என்றேன். ஒரு நாளைக்கு நாலு லட்சம் லிட்டர் என்று போட்டிருந்தது.

"நம்ம தொட்டி முப்பதாயிரம்" என்றார். "பதிமூணு தொட்டி. ஒரு தொட்டிக்கே இந்த போரு அஞ்சு மணி நேரம் மூச்சு வாங்குது."

கம்பெனி வேண்டாம் என்று ஊரைத் திரட்ட, அடுத்த ஒரு மாதம் வீடுவீடாக ஏறி இறங்கினார். இரண்டாம் தெருவில் ஷேர் ஆட்டோ ஓட்டும் தங்கவேல் மட்டும் மசியவில்லை.

"கம்பெனி வந்தா செக்யூரிட்டி வேலையாவது குடுப்பான் பெருசு."

"வேல முடிஞ்சி வந்து காலு கழுவத் தண்ணி வோணாமா நைனா?"

கடைசியில் அவனும் வந்தான். கருத்துக்கேட்புக் கூட்டத்தன்று சவாரியை விட்டுவிட்டு, மூன்று நடையாக முப்பது பேரைக் கல்யாண மண்டபத்துக்கு ஏற்றிவந்தான்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி ஆய்வறிக்கையை வாசித்தார். நீர்மட்டம் முப்பத்தெட்டு அடி, தொடர்ந்து இறைத்தும் குறையவில்லை, ஊருக்குப் பாதிப்பு இருக்காது. வேம்புலி எழுந்தார்.

"ஐயா, அந்தக் கணக்கு தப்பு."

"சாட்சிக் கையெழுத்து உங்களோடதுதானே?"

மண்டபத்தில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது அவர் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"நான்தான் ரெண்டு நாளு மோட்டார நிறுத்தி வெச்சேன். நீங்க வந்தா தண்ணி கொட்டணும்னு. ஊரு மானம் போவக்கூடாதுன்னு. வேற ஒண்ணியும் இல்ல ஐயா. இன்னொரு வாட்டி வந்து அளங்க."

"அன்னைக்குப் பண்ணது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

யாரோ சிரித்தார்கள். எதிர்ப்புக்கு ஆதாரம் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே தங்கவேல் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "முப்பது பேர ஏத்திக்கினு வந்தேன் பாரு, என்ன அடிக்கணும் செருப்பால. ஊர எழுதிக் குடுத்துட்டு எங்கள இட்டாந்து வேடிக்க காட்டினியா?"

வேம்புலி ஆட்டோவில் ஏறவில்லை. ஊர்வரை நடந்தே வந்தார்.

மறுபடி வந்து அளக்கச் சொல்லி அவருக்காக நான் ஏழு மனு எழுதினேன். வந்த பதில்களிலெல்லாம் முப்பத்தெட்டு அடி இருந்தது. தலைவர் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டு கோகுல்நாத் என்ற இளைஞனைப் போட்டார். ஏரிக்கு அந்தப் பக்கம் சுவர் எழும்பியது. கம்பெனி போர்கள் ஓடத் தொடங்கின. இந்தச் சித்திரையில் எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், தெருவுக்குப் பத்து நிமிஷம் என்றானது.

குழாயடிப் பக்கம் அவர் போனால் பேச்சு நின்றுவிடும். அப்புறம் அவர் போவதில்லை. அவர் மனைவி பொன்னியம்மா ஒரு நாள் என்னிடம், "திட்டினாக்கூடத் தேவலம்மா. ஒருத்தரும் திட்ட மாட்றாங்க" என்றார்.

ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள்.

உடலைக் குளிப்பாட்ட வீட்டில் அரைக்குடம்கூட இல்லை. எங்கள் வீட்டில் அடியில் கொஞ்சம் இருந்தது. கோகுல்நாத் வந்து பொன்னியம்மா முன்னால் தயங்கி நின்றான்.

"பெரிம்மா, ஒரு பத்து நிமிசம் தொறந்து ஊடட்டா?"

"இன்னிக்கு யாரு மொற?"

"ரெண்டாந்தெரு."

"அப்ப அவங்களுக்கே ஊடு."

கொஞ்ச நேரத்தில் தங்கவேல் தோளில் ஒரு குடத்தோடு வந்தான். வாசலுக்கு எட்டவே நின்றுவிட்டான். "பெரிம்மா, பெருச குளிப்பாட்ட..." என்றான்.

பொன்னியம்மா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நேத்து வந்து ஒரு வார்த்த பேசியிருக்கக் கூடாதாடா?"

அவன் குடத்தை இறக்கவில்லை. பொன்னியம்மாவே வாளியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். சாவு வீட்டுக்குள் போன தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் வாசலைத் தாண்ட விடாமல், தெருவிலேயே குடத்தைச் சாய்த்துப் பாதியை வாளியில் ஊற்றிக்கொண்டார்.

"மிச்சத்த எடுத்துக்கினு போ" என்றார். "உன் ஊட்டுல கைக்கொழந்த கீது."