யாக்ஷாவின் சாவிக்கு யார் அனுமதி?

ஸ்ப்ளித் துறைமுகத்தில் என் தங்கை புருஷன் யாக்ஷா 'சரி' என்று சொல்லாமல் ஒரு கப்பல்கூட நகராது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். கப்பல் நகரும். உள்ளே ஆள்தான் இருக்காது. டிக்கெட் விற்கிற கணினி சர்வருக்குள் யார் நுழையலாம், யார் நுழையக்கூடாது என்று தீர்மானிப்பவன் அவன்.

தீவுகளுக்குப் படகு விடும் கம்பெனியில் வேலை. சாவி என்றதும் இடுப்பில் கொத்தாகத் தொங்குவதை நினைக்காதீர்கள். இந்தச் சாவி, கணினி உண்டாக்கித் தரும் நீளமான எழுத்துக் கூட்டம். ஒரு பாதி அவரவர் கணினியில் இருக்கும். அதோடு பொருந்தும் மறுபாதியைச் சர்வரில் வைத்தால்தான் உள்ளே விடும். வைக்க நிர்வாகியின் அனுமதி வேண்டும். யாக்ஷா ஒரு நிர்வாகி. பின் மேசை ஷ்பீரோ இன்னொருவன்.

யாக்ஷா முன்பு கப்பலில் வானொலித் தொடர்பைக் கவனித்தவன். ஆபத்தில் சிக்கிக் கூப்பிட்ட படகுக்காரனிடம்கூட, நீ எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டுத்தான் உதவிக்கு ஆள் அனுப்பினான் என்று நான் சொல்வேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை. சாவி கேட்பவர்கள் விண்ணப்பத்தில் 'எதற்காக?' என்ற கட்டத்தில் 'அவசரம்' என்று எழுதினால், 'யாருக்கு?' என்று திருப்பி அனுப்புவான். வீட்டிலும் அப்படித்தான். என் தங்கை நெவெங்கா சந்தையிலிருந்து கைநிறைய மீனோடு வந்து கதவைத் தட்டினால்,

"யாரு?"

"உன் பொண்டாட்டி."

"என்ன விஷயமா?"

ஒருநாள் மீனைக் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பூனைக்கு அன்று யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

சாவி வருடத்துக்கு ஒருமுறை தானாகச் செத்துவிடும், மறுபடி கேட்டு வாங்க வேண்டும். யாரும் தன் சாவிக்குத் தானே அனுமதி கொடுக்கக் கூடாது. இரண்டு விதியையும் எழுதியவன் யாக்ஷாதான். எழுதியபோது அவனும் ஷ்பீரோவும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

அப்புறம் வந்தது பந்துச் சண்டை. எங்கள் ஊர் ஆண்கள் மண் தரையில் பலோட்டே என்ற பந்தாட்டம் ஆடுவார்கள். முதலில் உருட்டிவிட்ட சின்னப் பந்துக்கு யார் பந்து கிட்டேயோ அவருக்குப் புள்ளி. "என்னுதுதான் கிட்ட" என்றான் யாக்ஷா. ஷ்பீரோ சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான். "என் வாய் வார்த்தை போதாதாடா உனக்கு?" என்று யாக்ஷா பந்துகளைக் காலால் எத்திவிட்டுப் போய்விட்டான். உலகத்தில் எவன் பேச்சையும் நம்பாதவனுக்கு, தன் பேச்சை ஒருத்தன் அளந்து பார்த்தது பொறுக்கவில்லை. அதன்பின் ஒரே அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பேச வேண்டியதைக் கணக்குப் பார்க்கும் தோன்கா வழியாகப் பேசினார்கள்.

கோடைக்கால டிக்கெட் விற்பனை தொடங்கிய காலையில், கம்பெனியின் இணைய டிக்கெட் பக்கம் அப்படியே உறைந்து நின்றது. இயக்குநர் ஓடிவந்தார். "மத்தியானத்துக்குள்ள சரியாகலேன்னா சாவிப் பொறுப்பை ஸாக்ரெப் கம்பெனிக்குக் குடுத்துடுவேன்!"

தலைநகரத்து ஸாக்ரெப்காரன் கையிலா! யாக்ஷா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அந்தச் சர்வரின் உள்ளும் புறமும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நுழையப் பார்த்தான், விடவில்லை. அவன் சாவி அன்று விடியும்போதே காலாவதி. புதுச் சாவிக்கு விண்ணப்பித்தான். காரணம்: 'வேலை.' முதுகுக்குப் பின்னால் ஷ்பீரோவின் மவுஸ் ஒரு சொடுக்கு. நிராகரிப்பு.

"தோன்கா, அந்த ஆளுக்குப் பைத்தியமான்னு கேளு."

"ஷ்பீரோ, உனக்குப் பைத்தியமாங்கறாரு."

"காரணம் போதாதுன்னு சொல்லு. விதி எழுதினது யாருன்னும் கேளு."

"யாக்ஷா, விதி எழுதின மகராசன் யாருன்னு கேக்கறாரு."

யாக்ஷா பல்லைக் கடித்துக்கொண்டு, 'டிக்கெட் பக்கம் உறைந்துவிட்டது' என்று எழுதினான். எந்தச் சர்வர் என்று குறிப்பிடவில்லை, நிராகரிப்பு. மூன்றாம் முறை சர்வர் பெயர், கோளாறு, செய்யப்போகும் வேலை எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி அனுப்பினான். பதிலே இல்லை. ஷ்பீரோ உப்பு மத்தி மீனை ரொட்டியில் அடுக்கிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிட்டான். மரெந்தா நேரம். அந்த முற்பகல் சாப்பாட்டின்போது எங்கள் ஊரில் தீயணைப்பு வண்டிகூட ஓரமாக நின்று மெல்லும்.

"தோன்கா, இன்னும் என்ன வேணுமாம் அவனுக்கு?"

"நான் என்ன தபால்காரியா? நீயே திரும்பிக் கேளேன்ப்பா. கழுத்து ஒண்ணும் சுளுக்கிக்காது."

யாக்ஷா திரும்பவில்லை. கீழே கவுண்டரில் கூட்டம் கத்தியது. இயக்குநர் ஸாக்ரெப் எண்ணை அழுத்த ஆரம்பித்தார். யாக்ஷா நான்காவது விண்ணப்பத்தைத் திறந்து, காரணக் கட்டத்தில், பல்லைப் பிடுங்குவதுபோல் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான்: 'அன்றைக்குக் கிட்டே இருந்தது உன் பந்துதான்.' அனுப்பினான். உடனே அனுமதி என்று திரையில் பச்சை! உள்ளே பாய்ந்தான்; டிக்கெட் பக்கம் உயிர்பெற்றது. ஸாக்ரெப்காரன் 'ஹலோ' சொல்வதற்குள் இயக்குநர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை நெவெங்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன். யாக்ஷா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷ்பீரோவும் இருந்தான், இப்போதெல்லாம் வருகிறான். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான்:

"எல்லாம் சரிக்கா, ஒண்ணு மட்டும் தப்பு. மூணாவதுக்கே நான் அனுமதி குடுத்தாச்சு. இவன்தான் பக்கத்தைப் புதுப்பிச்சுப் பாக்கல. நாலாவதை அனுப்பினப்போ தெரிஞ்ச பச்சை மூணாவதோடது. சொல்லலாம்னு திரும்பினேன். ஏதோ ரொம்ப உருக்கமா அடிச்சிட்டிருந்தான். சரி, எழுதி முடிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."