மயிலாப்பூரிலிருந்து தரமணிக்கு மூன்று மஞ்சள் படிகங்கள்

படிகம் வளர்த்தவர்கள் எல்லாம் அதை எப்படி வளர்த்தோம் என்று எழுதுகிறார்கள். எப்படி ஆட்டோவில் கொண்டுபோனோம் என்று யாரும் எழுதுவதில்லை. தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நான் போய்வந்தேன், எழுதிவிடுகிறேன்.

மயிலாப்பூரில் எங்கள் ஆய்வகம், தரமணியில் படிகத்தின் உள்ளமைப்பைப் படமெடுக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி. எட்டு கிலோமீட்டர்தான். தெர்மோகோல் பெட்டிக்குள் ஈஸ்ட்டின் ஒரு நொதி, மூன்று மஞ்சள் படிகங்களாக ஒரே சொட்டில் இருந்தது. இந்த நொதி விசித்திரமானது. ஒரு மூலக்கூறில் ஹைட்ரஜனைச் சேர்க்கும்போது இடது, வலது என்று இரண்டு வடிவங்கள் உருவாகலாம். இது ஒன்றை மட்டுமே உருவாக்கும். வலது கால் செருப்பு மட்டும் தைக்கும் கடை மாதிரி. ஏன்? ஏழு மாதமாக இதே கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இந்த மூன்றும் உடைந்தால் பதில் இல்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பறக்கும் ரயிலில் போகலாம், ஆனால் படிகள். அந்தச் சொட்டு கண்ணாடித் தகட்டின் அடியில் தலைகீழாகத் தொங்குகிறது. ஒரு குலுக்கல் போதும். அதனால் ஒன்றரை மணிக்கு ஆட்டோ பிடித்தேன், இருநூற்று ஐம்பது ரூபாய். ஓட்டுநர் காதர் அண்ணன். வேகத்தடைகளில் குழந்தையைத் தூக்கிச் செல்வதுபோல் ஏற்றி இறக்கினார்.

"இன்னாம்மா, பொட்டில கிட்னியா?"

"இல்லண்ணே, ஈஸ்ட் இருக்குல்ல, அதோட நொதி."

"அப்போ வெயில்ல கெட்டுப்பூடுமே!"

பட்டினப்பாக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மீன் கடையிலிருந்து ஒரு பை ஐஸோடு வந்து பெட்டி மூடியைத் திறந்தேவிட்டார்.

"அண்ணே, வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் மீன்காரம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"காசு வோணாம்மா, சும்மாதான் குட்த்தேன்" என்றார் பாவம்.

பதினெட்டு டிகிரியில் வளர்ந்தது, திடீர்க் குளிர் பட்டால் விரிசல் விடும் என்று விளக்கினேன். காதர் அண்ணன் ஐஸைத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். "சூடும் ஆவாது, குளிரும் ஆவாது. மாப்ள வூட்டுக்காரங்க கூட இவ்ளோ பிகு பண்ண மாட்டாங்கம்மா." எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இரண்டே கால் மணிக்குத் தரமணி. அண்ணன் போகவில்லை, வாசலிலேயே நின்றார். உள்ளே நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது, இன்னொன்றின் ஓரம் சிதைந்திருந்தது. மூன்றாவது முழுசு. நொதியின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு மூலக்கூறின் கரைசலை அதன்மேல் ஒரு துளி விட்டேன். சில நிமிடங்களில் மஞ்சள் பச்சையாக மாறியது. உள்ளே போய்விட்டது! போனில் படம் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"பச்சையாப்பூச்சே, கெட்டுப்பூச்சாம்மா?"

"இப்பதாண்ணே நல்லா இருக்கு."

அன்றே அந்தப் படிகத்தில் எக்ஸ்-கதிர் பாய்ச்சினோம், மூன்று வாரத்தில் நொதியின் படம் தெளிந்தது. குழியின் ஒரு பக்கம் பருத்த அமினோ அமிலம் ஒன்று வழிமறித்து நிற்கிறது. மூலக்கூறு ஒரு பக்கமாக மட்டுமே படுக்க முடியும், ஹைட்ரஜனும் அந்தப் பக்கத்தில் மட்டுமே சேரும். அதை மாற்றி அங்கே சின்னதாக ஒன்றை வைத்தால் இடது கால் செருப்பு வருமா? தெரியவில்லை. அப்படி மாற்றிய நொதியைத்தான் இப்போது தயார் செய்கிறேன்.

போகிறவர்களுக்கு: பெட்டியை மடியில் வையுங்கள், இருக்கையில் வேண்டாம். மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். என்ன கொண்டுபோகிறீர்கள் என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.

நேற்று காதர் அண்ணன் அவராகவே போன் செய்தார். "அந்தப் பச்ச இன்னும் கீதாம்மா?"

"இல்லண்ணே. கதிர் பட்டுப் பட்டு அன்னிக்கே வீணாப்போச்சு. ஆனா கேட்டதைச் சொல்லிட்டுத்தான் போச்சு."



"அடுத்த பொட்டி எப்போன்னு சொல்லும்மா. ஐஸ் வாங்க மாட்டேன்."