ஒட்டிய இரண்டு பக்கங்கள்

வாய்மொழித் தேர்வுக்குக் கணக்குப் பேராசிரியர் வந்திருந்தார், தமிழ்ப் பேராசிரியை வந்திருந்தார், கடைசி வரிசையில் அப்பாவும் இருந்தார். இயற்பியல் பேராசிரியர் வரவில்லை. செய்யுளின் ஓசையை அலைகளாக அளந்த என் ஆய்வேட்டை யாருமே படிக்கமாட்டார்கள் என்ற சந்தேகத்தில், தேர்வாளர்களான பேராசிரியர்கள் மூவருக்கும் கொடுத்த பிரதிகளில் இரண்டு பக்கங்களைப் பசை தொட்டு லேசாக ஒட்டியிருந்தேன்.

"கணக்கை சார் பார்த்திருப்பாரு" என்றார் பேராசிரியை.

"பாட்டை மேடம் பார்த்திருப்பாங்க" என்றார் கணக்குப் பேராசிரியர்.

இருவரும் கையெழுத்திட்டார்கள். அவர்கள் பிரதிகளில் அந்தப் பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. வராதவர் அட்டையைக்கூடத் திறந்திருக்கமாட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் அடையாறில் அவர் வீட்டுக்குப் போய்ப் பிரதியைத் திரும்ப வாங்கினேன். பக்கங்கள் பிரிந்திருந்தன. உள்ளே ஒரு சமன்பாட்டைச் சுற்றிப் பென்சில் வட்டம். தவறு என்னுடையதுதான்.

"அதான் பாஸ் போட்டாங்களே, இன்னாத்துக்கு நைனா மறுபடியும்?" என்றார் அப்பா. ஆனாலும் திருவல்லிக்கேணி பைண்டிங் கடைக்குக் கூடவே வந்தார். திருத்திய மூன்று பிரதிகளுக்கும் சேர்த்து எங்களுக்கு ஆனது இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.